டேப்பும் நூலும்

கோபிநத்தம் காவிரியின் கர்நாடகக் கரையில், ஒகேனக்கலுக்கும் பாலாற்றுக்கும் நடுவே காட்டுக்குள் அமைந்த ஊர். இந்தப் பாலாறு வேலூர்ப் பாலாறு அல்ல. மாதேஸ்வரன் மலைப் பக்கம் காவிரியில் வந்து கலக்கும் எல்லையோர ஆறு. 1997 வரை மைசூரு மாவட்டத்தில் இருந்த ஊர், அதன்பின் சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போனது. இங்கே தமிழ் பேசுபவர்கள் அதிகம். மேட்டூரும் சேலமும் அவர்களுக்குப் பழகிய திசை.

இந்த ஊருக்குப் போகும் காட்டுச் சாலையில் இரவு நேரத்தில் ஒரு காட்டுப்பன்றி குறுக்கே பாய்ந்து, கார் அதன்மேல் மோதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பம்பர் உடையும், ரேடியேட்டர் ஓட்டையாகும். அவை பரவாயில்லை, கடையில் வாங்கி மாட்டிவிடலாம். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டமும் அதற்குப் பின்னால் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டமான லாங் மெம்பரின் நுனியும் நசுங்கியிருந்தால்தான் சிக்கல். டிங்கர் பார்த்துவிட்டுச் சொல்வார்: "புதுசு போட்டா கட்டாதுங்கண்ணா. சேலத்துலயோ சென்னை புதுப்பேட்டையிலயோ ஹாஃப் கட் கிடைக்கும், பார்த்து வாங்கிட்டு வந்துருங்க."

பார்த்து வாங்குவது என்றால் எதைப் பார்ப்பது? நிறத்தையா, துருவையா? ஹாஃப் கட் என்பது பழைய வண்டியிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த முன்பாகம். அதை டெம்போவில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுவந்து இறக்கிய பிறகு அது பொருந்தவில்லை என்று தெரிந்தால், திருப்பி அனுப்பும் வாடகையே பாகத்தின் விலையை நெருங்கிவிடும். இதைவிட மோசமான இன்னொன்றும் நடக்கலாம். பொருந்தாத பாகத்தை இழுத்துப் பிடித்து, தட்டி, சூடுகாட்டிப் பொருத்திவிடுவார்கள். வண்டி ஓடும். அடுத்த மோதலில்தான் அந்த வேலையின் தரம் தெரியவரும், அப்போது உள்ளே ஆட்கள் இருப்பார்கள். அதனால் பொருத்தம் பார்ப்பது என்பது பட்டறை வேலையாக இருந்தால் போதாது, கடை வாசலிலேயே முடிய வேண்டிய வேலை அது. அதற்கு வேண்டிய அறிவியல் பெரும்பாலும் பள்ளிக்கூட வடிவியல்தான்.

காரின் பாகங்களில் இரண்டு சாதி உண்டு. பானட், கதவு, டிக்கி, முன் மட்கார்டு ஆகியவை போல்ட் போட்டு மாட்டுபவை. போல்ட் துளையைச் சற்றே பெரிதாகவோ நீள்வட்டமாகவோ வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்த்தி இடைவெளியைச் சமப்படுத்திக்கொள்ளலாம். மற்றவை வெல்டிங்கால் ஒன்றாகிப்போனவை: லாங் மெம்பர், முன்சக்கரத்துக்கு உட்புறம் வரும் அப்ரான், தரைத்தகடு, பில்லர்கள், பட்டறையில் ரன்னிங் போர்டு என்று சொல்லப்படும் கதவடிப் பெட்டி. இவற்றுக்கு நகர்த்தும் வசதி கிடையாது. எங்கே வெல்டு வைக்கிறோமோ அதுதான் கடைசி இடம்.

முன்பெல்லாம் நிலைமை வேறு. சென்னை வண்டலூர் அருகே 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் சேசிஸ் தனி, அதன்மேல் உட்காரும் பாடி தனி. ஜீப்பும் பொலேரோவும் ஏணி மாதிரியான சட்டத்தின்மேல் பாடியை வைத்தவைதான். அவற்றில் பாடி கொஞ்சம் கோணலானாலும் சக்கரங்களின் இடம் மாறாது, ஏனென்றால் சக்கரத்தைப் பிடித்திருப்பது சட்டம். மோனோகாக் காரில் தனிச் சட்டமே இல்லை. மெல்லிய தகடுகளைப் பெட்டி பெட்டியாக மடித்து, ஆயிரக்கணக்கான ஸ்பாட் வெல்டுகளால் கோத்து, மொத்த பாடியையுமே சட்டமாக்கிவிடுகிறார்கள். 1922இல் இத்தாலியின் லான்சியா லாம்டா இந்தப் பாதையைத் தொடங்கியது. 1934இல், கோபிநத்தத்துக்குக் கீழே காவிரியில் மேட்டூர் அணை கட்டி முடிந்த அதே ஆண்டில், பிரான்சின் சிட்ரோவன் அதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 நம் ஊர்த் தெருக்களில் அதை இன்னும் பரவலாக்கியது. இன்றைக்கு நாம் கார் என்று சொல்வதில் பெரும்பகுதி மோனோகாக்தான். அதில் முன்பகுதியை வெட்டி வாங்குவது என்றால், எலும்புக்கூட்டின் ஒரு துண்டை வாங்குகிறோம். அந்தத் துண்டிலுள்ள ஒவ்வொரு துளைக்கும் முப்பரிமாணத்தில் ஓர் இடம் உண்டு.

இந்தத் துளைகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். காரின் அடியில் படுத்துப் பார்த்தால் லாங் மெம்பரிலும் தரைத்தகட்டிலும் போல்ட் எதுவும் இல்லாத சுத்தமான வட்டத் துளைகள் தெரியும். அவற்றில் சில தண்ணீர் வடிய விட்டவை, வேறு சில பெயின்ட் உள்ளே போய் வெளியே வர விட்டவை. முக்கியமான சில துளைகள் தொழிற்சாலையில் தகட்டை நிலைநிறுத்தும் ஊசிகள் நுழைவதற்கானவை. எந்தத் திடப்பொருளுக்கும் ஆறு விதமான அசைவுகள் உண்டு: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் சுழலலாம். மூன்று புள்ளிகள்மேல் வைத்தால் தளம் நிலைக்கும். இரண்டு புள்ளிகளில் அணைத்தால் பக்கவாட்டில் நகராது, திரும்பவும் திரும்பாது. கடைசியாக ஒரு புள்ளியில் தடுத்தால் முன்பின் போகாது. தொழிற்சாலையில் தகட்டைப் பிடித்து நிறுத்தும் ஜிக் இந்த 3-2-1 கணக்கில்தான் இயங்குகிறது. ஒரு ஊசிக்கு வட்டத் துளை, இன்னொன்றுக்கு நீள்துளை என்று ஜோடியாக வைப்பதும் இதற்காகத்தான். விபத்துக்குப் பின் பாடியை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் புள்ளிகளில் பெரும்பாலானவை இவைதாம்.

ஆகவே கடைக்குப் போகுமுன் முதல் வேலை ஊரிலேயே இருக்கிறது. அடிபடாத பகுதியில், எளிதில் அடையாளம் காணக்கூடிய துளைகளைத் தேர்ந்தெடுத்து அளந்து, ஒரு நோட்டில் படம் போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் வண்டியின் முன்பகுதி முழுக்க நொறுங்கியிருந்தால், ஊரில் அதே மாடல், அதே ஆண்டு வண்டி வைத்திருப்பவரிடம் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். துளையின் மையத்தைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்கு எளிய வழி இருக்கிறது. இரண்டு துளைகளின் உள் ஓரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளங்கள், பிறகு வெளி ஓரங்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அளங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மையத்துக்கு மையம் உள்ள தூரம் கிடைத்துவிடும். துளைகள் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாக இருந்தாலும் இந்தக் கணக்கு தப்பாது. டேப் எதன்மேலும் வளைந்து போகக்கூடாது, அது மட்டும் கவனம். நடுவில் பொருள் மறித்தால், நேரான அலுமினியக் குழாயில் இரண்டு ஊசிமுனைகளை நிறுத்திக் கவராயம்போல் பயன்படுத்தலாம். பட்டறைகளில் ட்ராம் கேஜ் என்று விற்பது இதையேதான். வெயிலில் இரும்பு விரியுமே என்று சிலர் கேட்பார்கள். 20 டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு மீட்டர் இரும்பு கால் மில்லிமீட்டர்கூட நீளாது, அதை மறந்துவிடலாம்.

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுக்கலாம்? விபத்துச் சீரமைப்பில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் எல்லை இரு பக்கமும் 3 மி.மீ. சின்ன எண்ணாகத் தெரியும். முன் ஷாக்அப்சார்பரின் தலை உட்காரும் டவரை எடுத்துக்கொள்வோம். அதன் மேல்முனைக்கும் கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் பந்துமூட்டுக்கும் 600 மி.மீ. உயரம் என்றால், மேல்முனை 5 மி.மீ. உள்ளே தள்ளியிருந்தாலே சக்கரம் ஏறக்குறைய அரை டிகிரி சாய்ந்துவிடும். பல கார்களில் இந்தச் சாய்வுக்கு, அதாவது கேம்பர் கோணத்துக்கு, அனுமதிக்கும் விலகலே அந்த அளவுதான். டயரின் உள்விளிம்பு தேயும், ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுக்கும். அலைன்மென்ட் கடைக்கு மாதாமாதம் போனாலும் தீராது, ஏனென்றால் கோளாறு வெல்டிங்கில் இருக்கிறது.

கடையில் பாகத்தின் முன் நிற்கும்போது நீள அகலத்தை மட்டும் அளப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். வீடு கட்டக் கடைக்கால் போடும்போது கொத்தனார் நான்கு பக்கத்தையும் அளந்துவிட்டு மூலைக்கு மூலை நூல் பிடிக்கிறார், இல்லையா? அதே நியாயம் இங்கேயும். இரண்டு லாங் மெம்பர்களில் நான்கு துளைகள். நீளம் 1000 மி.மீ., அகலம் 800 மி.மீ. என்று கொள்வோம். ஒரு பக்கம் அடி வாங்கி, ஒரு லாங் மெம்பர் மற்றதைவிட 5 மி.மீ. பின்னால் போயிருக்கிறது. நீளம் இரண்டு பக்கமும் 1000தான். அகலத்தில் வரும் வித்தியாசம் டேப்பில் தெரியவே தெரியாது. மூலைவிட்டங்கள் மட்டும் 1281க்குப் பதிலாக ஒன்று 1284.5, மற்றது 1276.7 என்று பிரிந்து நிற்கும். அவற்றுக்கிடையே ஏறத்தாழ 8 மி.மீ. வித்தியாசம். 5 மி.மீ. கோணலை மூலைவிட்டம் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதனால்தான் முதலில் மூலைக்கு மூலை அளக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு.

ஆனால் மூலைவிட்டத்துக்கும் தெரியாத கோளாறு ஒன்று உண்டு: முறுக்கு. நான்கு புள்ளிகளில் ஒன்று மட்டும் 10 மி.மீ. மேலே தூக்கியிருக்கிறது என்று வையுங்கள். மூலைவிட்டம் மாறும் அளவு பிதாகரஸ் கணக்கில் வெறும் 0.04 மி.மீ.தான். உலகத்தின் மிக நல்ல டேப்பாலும் அதைப் பிடிக்க முடியாது. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கி அடிபட்ட வண்டியிலும் புரண்ட வண்டியிலும் வருவது இந்தக் கோளாறுதான். மலைப்பாதை வண்டிகளில் இதை நான் முதலில் சந்தேகிப்பேன்.

இதைப் பிடிக்க நூல் போதும். நான்கு துளைகளின் விளிம்பிலும் படும்படி இரண்டு நூல்களை மூலைக்கு மூலை இறுக்கிக் கட்டுங்கள். தளம் சமமாக இருந்தால் நடுவில் இரண்டும் லேசாகத் தொடும். ஒரு மூலை 10 மி.மீ. தூக்கியிருந்தால், நடுவில் பாதி அளவு, அதாவது 5 மி.மீ. இடைவெளி விழும். மேலே போகும் நூல் கீழ்நூலை அழுத்திக்கொண்டு நின்றாலும் கோளாறுதான்; எது மேலே எது கீழே என்று மாற்றிக் கட்டினால் இடைவெளி வெளிப்பட்டுவிடும். டேப்பில் 0.04 ஆக ஒளிந்திருந்தது நூலில் 5 ஆகத் தெரிகிறது. அளக்கும் கருவியின் விலையைவிட, எதை அளக்கிறோம் என்பதன் முக்கியத்துவம் இவ்வளவு பெரியது. நான்கு புள்ளிகளும் உண்மையிலேயே ஒரே உயரத்தில் இருக்க வேண்டியவைதானா என்பதை மட்டும் நல்ல வண்டியில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே உயரம் இல்லையென்றால் நல்ல வண்டியில் விழுந்த இடைவெளியை எழுதிவைத்து, அதனோடு ஒப்பிட வேண்டும்.

இனி புதுப்பேட்டைக்குப் போவோம். எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் பக்கத்தில், கூவம் கரையோரம் இருக்கும் இந்தச் சந்துகளில் தமிழ்நாட்டின் பழைய வண்டிப் பாகங்கள் பல பத்தாண்டுகளாகக் கைமாறுகின்றன. இங்கே வந்துசேரும் கார்கள் பல வழிகளில் வருகின்றன. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் காப்பீட்டு நிறுவனம் அதை முழு இழப்பாகக் கணக்கிடும். மிச்ச உடல் ஏலத்துக்குப் போகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னைக் கார்கள் பல அப்படித்தான் பிரிக்கப்பட்டன. வெள்ளத்தில் கிடந்த வண்டியின் லாங் மெம்பர் வெளியே பளபளவென்று இருக்கும். பெட்டிக்குள் சேறு தங்கித் துரு உள்ளிருந்து தின்றிருக்கும். செல்போன் டார்ச்சைத் துளைக்குள் காட்டிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் கீழ்மடிப்பைக் குத்திப் பாருங்கள். பழுப்புத் தூள் கொட்டினால் பேரமே பேச வேண்டாம்.

முன்பாகம் வேண்டுமானால் பின்னால் இடிவாங்கிய வண்டியைத் தேடுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வது சரியான யோசனை. அதோடு இன்னொன்று கேட்க வேண்டும்: எதைக் கொண்டு வெட்டினார்கள்? கேஸ் கட்டரின் சூடு வெட்டிய விளிம்போடு நிற்காது. துத்தநாகப் பூச்சு 907 டிகிரியில் ஆவியாகும். அதற்கு முன்பே பெட்டிக்குள் இருக்கும் பிரைமர் கருகிவிடும். அந்த இடத்தில் சீக்கிரமே துரு பிடிக்கும், இரும்பின் பலமும் மாறியிருக்கும். எனவே வெட்டுமுன் போய்ச் சேர முடிந்தால், பொருத்த வேண்டிய கோட்டுக்கு அப்பால் ஒரு சாண் கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள், முடிந்தால் கட்டிங் வீலால். பட்டறையில் அந்தச் சாணைக் குறைத்துக்கொள்ளலாம். குட்டையாக வெட்டியதை நீட்ட வழியில்லை. எந்த இடத்தில் வெட்டி ஒட்டலாம் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் பாடி ரிப்பேர் கையேட்டில் வரைந்து வைத்திருக்கிறார்கள். சஸ்பென்ஷன் பிடிக்கும் இடத்திலும் சீட் பெல்ட் நங்கூரம் இருக்கும் இடத்திலும் ஒட்டு வரக்கூடாது.

பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் பாகம் பொருந்தாது. ஸ்விஃப்ட் என்ற பெயரில் இந்தியாவில் 2005, 2011, 2018, 2024 என நான்கு தலைமுறைகள் வந்துள்ளன. ஒரு தலைமுறையின் எலும்பு இன்னொன்றுக்கு ஆகாது. ஒரே தலைமுறையிலும் டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இன்ஜின் மவுண்டிங் பிராக்கெட்டின் இடம் வேறாக இருக்கலாம். ஏர்பேக் சென்சார் உட்காரும் நட்டு ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. கொழும்பின் பழைய பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வரும் 'நோஸ் கட்' முன்பாகங்கள் அங்குள்ள வண்டிகளுக்குச் சேர்வதற்கு ஒரு காரணம், இரு நாட்டிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பது. இடப்பக்க ஸ்டீயரிங் நாட்டிலிருந்து வந்த பாகத்தில், இன்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலின் துளைகளே எதிர்ப்பக்கம் இருக்கும்.

வடிவம் சரியாக இருந்தாலும் இரும்பின் கடந்தகாலம் சரியாக இருக்க வேண்டும். கட்டுக்கம்பி ஒன்றை எடுத்து வளைத்துவிட்டு நேராக்கிப் பாருங்கள். முதலில் வளைந்த இடம் மட்டும் விறைத்துக்கொண்டு நிற்கும். அதன் இரு பக்கமும்தான் புதிதாக வளையும். வளைந்த இடத்தில் படிக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் சிக்கிக்கொண்டு இறுகிவிடுகின்றன. இரும்பு இறுகுகிறது, அதே நேரம் நெகிழும் திறனை இழக்கிறது. இழுத்து நேராக்கிய லாங் மெம்பர் டேப்பில் சரியாக வரலாம், மோதலில் சரியாக மடியாது.

அது சரியாக மடிவதில்தான் உயிர் இருக்கிறது. பேலா பாரென்யி என்ற பொறியாளர் 1951இல் மெர்சிடிஸ் நிறுவனத்துக்காகக் காப்புரிமைக்குக் கொடுத்த யோசனை இது: பயணிகள் அறை விறைப்பாக இருக்கட்டும், முன்னும் பின்னும் நசுங்கட்டும். மணிக்கு 64 கி.மீ. வேகத்தில், அதாவது பாரத் என்-கேப் என்ற இந்திய மோதல் மதிப்பீட்டின் முன்மோதல் சோதனை வேகத்தில் வரும் கார், 60 செ.மீ. நசுங்கி நின்றால் சராசரி வேகக்குறைவு புவியீர்ப்பைப்போல் சுமார் 27 மடங்கு. 40 செ.மீ.யில் நின்றால் 40 மடங்கு. முழு நிகழ்வும் ஒரு நொடியில் ஏறத்தாழப் பதினைந்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். லாங் மெம்பரின் பக்கத்தில் வேண்டுமென்றே அழுத்திவிட்ட பள்ளங்கள் தெரியும். மடிப்பு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அவை. சில பட்டறைகளில் 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று அந்தப் பள்ளத்தின்மேல் கூடுதல் தகடு வைத்து வெல்டு செய்துவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் விளைவு கொடுமையானது: மடிய வேண்டியது மடியாமல் அடியை அறைக்குள் அனுப்பிவிடும். அப்படித் தகடு வைத்த பாகத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பழைய வேலையைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். கம்பெனி பெயின்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சுற்றித்தான் இருக்கும். பட்டி பூசிய இடத்தில் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டராகிவிடும். காந்தவிசை தூரத்தோடு வேகமாகக் குறைவதால், மெல்லிய ஃபிரிட்ஜ் காந்தம் அங்கே வழுக்கி விழுந்துவிடும். அடுத்து ஸ்பாட் வெல்டுகளைப் பாருங்கள். ரோபோ வைத்த புள்ளிகள் 5, 6 மி.மீ. வட்டத்தில், ஒரே சீரான இடைவெளியில் ஆழமில்லாத குழிகளாக இருக்கும். மேடாக, சாணை பிடித்த தழும்போடு இருந்தால் அது பட்டறையில் வைத்த சிஓ2 வெல்டிங். அந்த வண்டி ஏற்கெனவே ஒருமுறை பிரிக்கப்பட்டிருக்கிறது.

பில்லர்கள் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன், பழையதை வாங்க வேண்டாம். இன்றைய கார்கள் பலவற்றில் நடுப் பில்லரின் உள்தகடு போரான் கலந்த எஃகு. 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த அச்சுக்குள்ளேயே அழுத்தி அணைத்து உருவாக்கியது. அதன் இழுவலிமை 1500 மெகா பாஸ்கல், சாதாரணத் தகட்டைப்போல் நான்கைந்து மடங்கு. கேஸ் வெல்டிங் சூடு பட்டால் அந்த வலிமை அந்த இடத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. பக்கவாட்டு மோதலில் பயணியின் விலாவுக்கும் எதிர்வண்டிக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு தகடுதான்.

காகிதமும் பொருத்தத்தில் சேர்த்திதான். சேசிஸ் எண் பொறித்த தகடு வாங்கும் துண்டில் இருந்தால் அதைத் தவிர்த்து வெட்டச் சொல்லுங்கள். ஒரு வண்டியின் எண்ணை இன்னொன்றில் ஒட்டுவது குற்றம். அழிந்த வண்டியைப் பற்றி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. அப்படிப் பதிவு ரத்தானதைக் காட்டும் ஆவணத்தின் நகலைக் கடைக்காரரிடம் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் தயங்காமல் காட்டுவார். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

பாகம் ஊர் வந்தபின் உடனே வெல்டு வைக்க விடாதீர்கள். கிளாம்ப் போட்டுப் பிடித்து, பானட்டையும் கதவையும் மாட்டிப் பார்த்து, நோட்டில் எழுதிய அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும். பிறகு ஆங்காங்கே பொட்டு வெல்டு, மீண்டும் அளவு. வெல்டு ஆறும்போது சுருங்கித் தகட்டை இழுக்கும் என்பதால் ஒரே கோட்டில் தொடர்ந்து வைக்காமல் இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் மெழுகுப் பூச்சு அடிக்காமல் மூடக்கூடாது. எல்லாம் முடிந்து கம்ப்யூட்டர் அலைன்மென்ட் எடுக்கும்போது கேம்பரோடு ஸ்டீயரிங் அச்சின் சாய்வையும் இரு பக்கமும் கேட்டு வாங்குங்கள். கேம்பரைப் போல்ட் திருகிச் சரிபோல் காட்டிவிடலாம். டவர் இடம் மாறியிருந்தால் இந்த இரண்டாவது எண் இடம் வலம் ஒத்துவராது. அந்தத் தாளைப் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், 1000 கி.மீ. ஓட்டியபின் மறுபடி எடுத்து ஒப்பிட அது வேண்டும்.